"எங்கே இருக்கிறீர்கள்?" என்று நலம் கேட்கும் ஊர்

போட்ஸ்வானாவில் ஒருவரை நலம் விசாரிக்க "லே காயே?" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று வரும். எதிரே நிற்கிறவரிடமே அப்படிக் கேட்பார்கள். பதில், "ரே தெங்". "இருக்கிறோம்" என்று அர்த்தம். தனியாக நிற்கிற ஒருவரைக்கூடப் பன்மையில் கேட்பதுதான் மரியாதை. வீட்டில் இருக்கிறவர்களையும் சேர்த்துத்தான் கேள்வி, அவர்களையும் சேர்த்துத்தான் பதில். பதினோரு ஆண்டுகள் அந்த நாட்டில் கணித ஆசிரியையாக வேலை பார்த்தேன். அங்கே கற்றுக்கொண்டவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது எதுவென்று யாராவது கேட்டால், இந்தக் கேள்வியையும் பதிலையும்தான் முதலில் சொல்வேன்.

சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். 2013 ஜனவரியில் கணவரோடும் நான்கு வயது மகளோடும் போய் இறங்கினேன். தலைநகர் கேபரோனிலிருந்து வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது மொச்சுடி. அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேலை. வந்த இரண்டாம் வாரம் ஒரு விண்ணப்பப் படிவம் வாங்க அலுவலகம் ஒன்றுக்குப் போனேன். என் முறை வந்ததும், "இந்தப் படிவம் வேண்டும்" என்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "டுமேலா, ம்மா" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் படிவத்தின் பெயரைச் சொன்னேன். அவர் மறுபடியும் "டுமேலா, ம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. மூன்றாவது முறையும் அப்படியே நடந்தபோது, எனக்குப் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் மெதுவாக, "மகளே, முதலில் அவருக்கு வணக்கம் சொல்" என்றார். சொன்னேன். "இரவு நன்றாகத் தூங்கி எழுந்தீர்களா?" என்று அந்தப் பெண் கேட்டார். "எழுந்தேன், நீங்கள்?" என்றேன். "நானும் எழுந்தேன்" என்றார். படிவம் வந்துவிட்டது. அதை எப்படி நிரப்ப வேண்டும் என்பதையும் அவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

அன்று வீடு திரும்பும்வரை எனக்குக் கூச்சமாக இருந்தது. நம் ஊரில் தெருவில் எதிர்ப்படுகிறவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறோமே, என்ன குழம்பு என்று தெரிந்துகொள்ளவா கேட்கிறோம்? அதே சங்கதிதான். ஆனால் நாம் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்கிறோம். அவர்கள் யாரையும் விடுவதில்லை. பஸ் நிலையத்தில் வழி கேட்டாலும், தக்காளி விற்கிற பெண்ணிடம் விலை கேட்டாலும், பழுதான குழாய்க்கு ஆள் தேடித் தொலைபேசியில் அழைத்தாலும் வணக்கம் முன்னே வர வேண்டும். ஆணுக்கு "டுமேலா, ர்ரா". பெண்ணுக்கு "டுமேலா, ம்மா". அந்த "ம்மா" நம் அம்மாவே போல ஒலிப்பதால் எனக்கு அது சீக்கிரம் நாவில் படிந்துவிட்டது. "ர்ரா"வுக்குத்தான் நாக்கைப் பழக்க வேண்டியிருந்தது.

இதற்குச் சில நுணுக்கங்களும் உண்டு. நடந்து வருகிறவர்தான் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். பணமோ பொருளோ கொடுக்கும்போது வலக்கையை நீட்டி, இடக்கை விரல்களால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். வாங்கும்போதும் அப்படியே, அல்லது இரு கைகளாலும் வாங்கலாம். இடக்கையால் கொடுத்துப் பழகாத நமக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒருவர் வீட்டுக்குப் போனால் வெளிக்கதவருகே நின்று "கோ கோ!" என்று குரல் கொடுக்க வேண்டும். உள்ளிருந்து பதில் வராமல் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. கதவு திறந்தே கிடந்தாலும் கூடாது.

நம்மவர்கள் சிலர் அங்கே வந்து பல ஆண்டுகள் ஆகியும் இதைக் கற்றுக்கொள்ளாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்காமலே சில்லறையை மேசையில் வைப்பார்கள். பிறகு, "இந்த ஊர்க்காரர்கள் வேலையில் மந்தம்" என்று குறைப்படுவார்கள். என் அனுபவத்தில் அது உண்மையில்லை. தன்னை ஓர் ஆளாக மதித்துப் பேசாதவருக்கு ஓடி ஓடி வேலை செய்ய எந்த ஊரில்தான் யாருக்கு மனம் வரும்?

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். "ஏ" என்றால் செட்ஸ்வானா மொழியில் "ஆம்". ஆனால் முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்வது கடுமையாகப் படும் என்பதால், "நீங்கள் சொன்னது காதில் விழுந்தது" என்பதற்கும் அதே "ஏ"தான் வரும். குழாய் சரிசெய்ய வருவதாக "ஏ" சொன்ன ஒருவருக்காக இரண்டு சனிக்கிழமைகள் வீட்டிலேயே காத்திருந்தேன். பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். "வருவீர்களா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "எந்த நாள் உங்களுக்குத் தோது? வேறு எந்த வீட்டு வேலை இடையில் இருக்கிறது?" என்று கேட்டால், அவர்கள் உள்ள நிலைமையைச் சங்கடமில்லாமல் சொல்லிவிடுவார்கள்.

மொச்சுடி, ட்ஸ்வானா இனத்தின் ஒரு பிரிவான பக்கட்லா மக்களின் ஊர். 1871-இல் அவர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். குரங்கு அவர்களுடைய குலச்சின்னம். புத்தாடிகோபோ என்ற குன்று ஊருக்கு நடுவே எழுந்து நிற்கிறது. 1920-களில் ஊர்மக்களே செங்கலும் தண்ணீரும் சுமந்து அதன்மேல் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். இப்போது அது அருங்காட்சியகமாக இருக்கிறது. என் மகள் அந்தக் குன்றில் ஏறி ஏறியே வளர்ந்தாள்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். வந்த ஒரே மாதத்தில் என் மகளுக்குப் "பரிசு" என்று பொருள்படும் செட்ஸ்வானாப் பெயர் ஒன்றைச் சூட்டிவிட்டார். அதோடு என் பெயரும் போயிற்று. பிள்ளை பெற்றவளை அங்கே "இன்னாருடைய அம்மா" என்றுதான் அழைப்பார்கள். பள்ளிக் கோப்புகளில் மட்டும் என் சொந்தப் பெயர் பிழைத்திருந்தது.

அந்தப் பாட்டியிடம்தான் நான் ஒரு பெரிய தவறும் செய்தேன். அவர்கள் குடும்பத்துக்கு மாடுகள் உண்டு என்று தெரிந்ததும், கரிசல்காட்டுப் பெண்ணாயிற்றே, ஆசையாக "எத்தனை உருப்படி?" என்று கேட்டுவிட்டேன். பாட்டி வானத்தைப் பார்த்து, மழை வருமா என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். பிறகு பள்ளியில் ஒரு தோழி விளக்கினார். மாட்டின் எண்ணிக்கையைக் கேட்பது வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். மாடுகள் சௌக்கியமா, புல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கலாம். எத்தனை என்று மட்டும் கேட்கக் கூடாது.

மாடு அங்கே பணக்காரர்களின் சங்கதி மட்டும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு மூன்று இடங்கள் உண்டு என்பது பழைய கணக்கு. ஊரில் வீடு, பயிர் செய்யப் புன்செய்க்காடு, தொலைவில் மொராக்கா என்கிற மாட்டுப்பட்டி. கேபரோனில் குளிரூட்டிய அறையில் வேலை பார்க்கிற அதிகாரியும் வெள்ளிக்கிழமை மாலை வண்டியை எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போய்விடுவார். டிசம்பர் நடுவில் கட்டடத் தொழிலாளர்களுக்கு விடுமுறை தொடங்கியதும் தலைநகரே காலியாகிவிடும். முக்கியமான வேலை ஏதாவது இருந்தால் டிசம்பர் முதல் வாரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. மாடு இவ்வளவு இருக்கிற நாட்டில், ஊர் எல்லையைத் தாண்டி இரவில் வண்டி ஓட்டவே கூடாது. வேலி ஓட்டைகளின் வழியே மாடுகளும் கழுதைகளும் நெடுஞ்சாலைக்கு வந்து நிற்கும். தார் இரவிலும் சூடாக இருப்பதால் சில அங்கேயே படுத்துவிடும். இப்படி ஒரு விபத்தில் எங்கள் பள்ளி ஓர் ஆசிரியரை இழந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு அவசரமானாலும் இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடுவது எங்கள் வீட்டில் விதியாயிற்று.

நான் அங்கே மனம் ஒன்றிப்போனதற்கு ஒரே காரணம் சொல்ல வேண்டுமென்றால், தாய்மாமனைச் சொல்வேன். செட்ஸ்வானாவில் "மலோமே". "ஆண் தாய்" என்று பொருள் கொள்ளத்தக்க சொல் அது. நம் "அம்மான்" என்ற சொல்லும் அம்மாவிலிருந்தே பிறந்தது என்று நினைத்துப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பாட்டியின் கடைசி மகளுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பாட்டியின் தம்பி, அதாவது பெண்ணின் மலோமே, வந்து உட்கார்ந்த பிறகுதான் மாப்பிள்ளை வீட்டாரை முற்றத்துக்குள் விட்டார்கள். விடிகாலையிலேயே வந்து வேலிக்கு வெளியே காத்திருந்தவர்கள் அவர்கள். வந்தவர்கள் "பெண் கேட்டு வந்தோம்" என்று நேரடியாகச் சொல்லவில்லை. "தண்ணீர் மொள்ளும் சுரைக்குடுவை ஒன்று கேட்டு வந்திருக்கிறோம்" என்றார்கள். அப்படிக் கேட்பதுதான் முறையாம். மலோமே நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இந்த வீட்டில் குடுவைகள் பல உண்டே, எதைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் நிச்சயத்துக்கு முன் பெரியவர்கள் சுற்றிச் சுற்றிப் பேசுவது அப்படியே கண்முன் வந்தது.

பிறகு மாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. பொகாடி என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கொடுக்கிற மாடுகள். இரட்டைப்படை எண்ணிக்கையில்தான் கொடுக்க வேண்டும். அன்று மாலை சமையலுக்குக் காய் நறுக்கியபடி பெண்கள் என்னைக் கேட்டார்கள், "உங்கள் ஊரில் எத்தனை மாடு?" நான் வரதட்சணையைப் பற்றிச் சொன்னேன். பெண்ணைப் பெற்றவர்கள்தான் நகையும் பணமும் கொடுக்க வேண்டும், சட்டம் தடுத்தாலும் நடக்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "பெண்ணையும் கொடுத்துவிட்டு, பணமுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொகாடியிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. மாடு சேர்க்க முடியாமல் பத்து ஆண்டுகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பிள்ளைகள் பெற்று வாழ்கிற இணைகளை அங்கே நிறையப் பார்த்தேன். ஆனாலும் ஒரு பெண் பிறந்த செய்தி கேட்டு அங்கே யாருடைய முகமும் வாடி நான் பார்த்ததில்லை. இதை எழுதாமல் விட என்னால் முடியாது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பல இனங்களில் மாமன் மகளையோ அத்தை மகனையோ மணப்பது விலக்கப்பட்டது. ஆனால் ட்ஸ்வானா மக்களிடம் அப்படி மணப்பது பழைய வழக்கம். "சித்தப்பா பிள்ளையே, என்னை மணந்துகொள், மாடுகள் நம் பட்டிக்கே திரும்பட்டும்" என்று ஒரு பழமொழியே இருக்கிறது. நமக்குச் சித்தப்பா பிள்ளை உடன்பிறப்பு முறை. ஆகவே அதைக் கேட்டதும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். மாமன் மகள் வரை நம் முறையோடு ஒத்துப்போகும் என்று சொன்னபோது, "அப்படியானால் நீங்களும் எங்கள் ஆட்கள்தான்" என்றார் பாட்டி. இன்றைய இளைஞர்களிடம் இது வெகுவாகக் குறைந்துவிட்டது, நம் ஊரைப் போலவே.

சாப்பாட்டில் எனக்குத் துன்பமே இருக்கவில்லை. சோளமாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சும் "டிங்" கூழை முதல்முறை வாயில் வைத்தபோது என் அப்பத்தா காய்ச்சிய கூழின் வாசனை அடித்தது. உலர்ந்த தட்டப்பயற்றுக் கீரை, புளித்த பால், ஒருவகை முலாம்பழச் சதையோடு கிண்டிய சோளக்களி என்று மரக்கறி உண்பவர்களுக்கும் வழி உண்டு. விருந்து என்றால் செஸ்வா. மாட்டிறைச்சியை உப்பும் தண்ணீரும் மட்டும் சேர்த்து, மூன்றுகால் இரும்புச் சட்டியில் விடிய விடிய வேகவைத்து, நார் நாராகும்வரை இடிப்பார்கள். இடிப்பது ஆண்கள் வேலை. சாப்பிட மாட்டீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் மனம் நோக மாட்டார்கள். தட்டு கைக்கு வந்த பிறகு ஒதுக்குவதுதான் நோகடிக்கும்.

பள்ளியில் எங்கள் பெண் ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மொட்ஷெலோ நடத்தினோம். நம் சீட்டுத்தான், ஏலம் மட்டும் இல்லை. மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வைத்து ஒருவருக்கு மொத்தமாகக் கொடுப்போம். புதிதாக வருகிறவர்கள் இதில் ஒன்றில் சேர்ந்துகொள்வது நல்லது. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை ஒவ்வொருவர் வீட்டிலாகக் கூடி உட்கார்ந்தால் அந்த வீடுகள் நமக்குப் பழகிவிடும். மொழியும் அங்கேதான் வரும். வகுப்பறையில் ஆங்கிலம் பேசி ஐந்து ஆண்டுகளில் கற்காத செட்ஸ்வானாவை அந்தச் சமையலறைகளில் ஒரே ஆண்டில் கற்றேன்.

ஊர்ப்பொதுவுக்குக் கொத்லா. பருத்த மரக்கம்புகளை அரைவட்டமாக நட்டு, நிழலுக்கு மரம் இருக்கிற ஊர் மன்றம். தலைவர் ஒருபுறம் உட்கார, மக்கள் எதிரே. நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு வருவார்கள். 2015-இல் கேபரோன் அணை வறண்டு, எங்கள் பக்கத்திலும் குழாயில் நாள்கணக்கில் தண்ணீர் வராமல் போன காலத்தில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். சுடிதார் போட்டிருந்தேன். பெண்கள் காற்சட்டையோடு கொத்லாவுக்குள் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. வாசலில் ஒரு பெண்மணி என்னைத் தடுத்தார். திட்டவில்லை. தன் தோளில் இருந்த சால்வையை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பையிலிருந்து ஒரு துணியை எடுத்து என் தலையை மூடினார். "இப்போது வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தார். அன்று முதல் என் பையில் ஒரு சால்வையும் தலைத்துணியும் எப்போதும் இருந்தன. பெண்களுக்கு நான் சொல்கிற முதல் யோசனை இதுதான். துக்க வீட்டுக்கும் அவை வேண்டும்.

கூட்டம் நான்கு மணி நேரம் நடந்தது. குடித்திருந்த ஒரு கிழவர் எழுந்து, தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாமல் தன் மருமகனைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. எவரும் தம் கருத்தைச் சொல்லலாம், தவறான பேச்சையும் கேட்டால்தான் சரியான பேச்சு வெளியே வரும் என்பது அவர்கள் கொள்கை. "பெரிய போர் வாயால் நடத்தும் போர்தான்" என்பது இன்னொரு பழமொழி. சண்டை போடுவதானால் பேச்சால் போடு என்று பொருள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையை உயர்த்தி "புலா!" என்று முழங்கினார்கள். புலா என்றால் மழை. நாட்டின் குறிக்கோள் சொல்லும் அதுவே, 1976 முதல் நாணயத்தின் பெயரும் அதுவே. கலஹாரிப் பாலைவனம் பெரும்பகுதியை விரித்துக்கொண்ட நாட்டில் வேறு எதைச் சொல்லி வாழ்த்துவது? வானம் பார்த்த பூமியில் பிறந்த எனக்கு அந்த முழக்கத்தின்போது தொண்டை அடைத்தது.

எல்லாம் இனிப்பாகவே இருந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்குக் கிடைத்த அன்பு ஜிம்பாப்வேயிலிருந்து பிழைக்க வந்த என் சக ஆசிரியைக்குக் கிடைக்கவில்லை. அவர்களைக் குறிக்க இழிவான ஒரு சொல் புழங்குகிறது. சிறுவர்கள்கூடச் சொல்வார்கள். கலஹாரியின் ஆதிக்குடிகளான சான் மக்களைப் பற்றிப் பேசும்போதும் சிலருடைய குரல் மாறிவிடும். "மொத்தோ கே மொத்தோ கா பாத்தோ", மனிதரால்தான் மனிதர் மனிதராகிறார் என்று சொல்கிற அதே வாயில் இதையும் கேட்டபோது வருந்தினேன். பாட்டியிடம் ஒருமுறை வெளிப்படையாகவே சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அது எங்கள் குறை" என்றார்.

துக்க வீட்டுக்கு வருகிறேன். அந்நாட்டைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே மரணமும் அன்றே அடக்கமும் என்று இல்லை. இறந்த நாளிலிருந்து சனிக்கிழமை வரை தினமும் மாலையில் வீட்டு முற்றத்தில் பிரார்த்தனை நடக்கும். வானொலியில் மரண அறிவிப்பு வாசிப்பார்கள். ஓர் அறையிலிருந்து மேசை நாற்காலிகளை வெளியேற்றி, தரையில் மெத்தை போட்டு, மிக நெருங்கிய பெண் அதில் உட்கார்ந்திருப்பார். வெள்ளி மாலை உடல் வீட்டுக்கு வரும். விடிய விடியப் பாட்டு. சனி விடிகாலையில் இடுகாடு. ஆண்கள் முறைவைத்து மண்வெட்டி பிடித்துக் குழியை மூடுவார்கள். கூலிக்கு ஆள் வைப்பதில்லை. திரும்பி வந்ததும் வாசலில் கைகழுவி, எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஊரில் நடுவயது கடந்தவர்களிடம் பேசினால் 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தை நினைவுகூர்வார்கள். எய்ட்ஸ் பரவியிருந்த காலம். சனிக்கிழமை என்றாலே அடக்கம், ஒரே காலையில் இரண்டு மூன்று. 2002-இல் அரசு இலவசமாக மருந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. "மாசா", புதிய விடியல் என்று அதற்குப் பெயர். ஆப்பிரிக்காவில் அப்படி ஒரு தேசியத் திட்டத்தை அவர்கள்தான் முதலில் கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளிச் சமையல்காரர், "அந்த மருந்து வந்த பிறகுதான் சனிக்கிழமை துணி துவைக்க நேரம் கிடைத்தது" என்றார். அந்த ஒரு வரியில் எவ்வளவு இருந்தது என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

பாட்டியின் தம்பி, அந்த மலோமே, 2016-இல் இறந்தார். முதல் நாள் நான் பழங்கள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்து, இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பள்ளித் தோழி கேட்டார், "பழத்தை அனுப்பிவிட்டு நீ எங்கே போனாய்?" புரிந்துகொண்டேன். அன்று மாலையிலிருந்து தினமும் போய்ப் பின்கட்டில் காய் நறுக்கினேன், பாத்திரம் தேய்த்தேன், குத்திய மக்காச்சோளம் வேகும் சட்டியைக் கிளறினேன். பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. யாராவது வந்து "லே காயே?" என்பார்கள். "ரே தெங்" என்பேன். புதிதாகப் போகிறவர்கள் என்ன சொல்வது என்று கவலைப்பட வேண்டாம். பாவாடை, தலைத்துணி, சால்வை. ஆணானால் மேற்கோட்டு. போய் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் போதும்.

2018 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை என் அப்பா ஊரில் தவறிவிட்டார். ஜோஹானஸ்பர்க் போய் விமானம் பிடித்து வீடு சேர எனக்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அதுவரை வைத்திருக்க முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். பதினாறாம் நாளுக்குப் போவதென்று முடிவாயிற்று. மதியம் பள்ளியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். நான்கு மணிக்கு வெளியே "கோ கோ!" என்று பாட்டியின் குரல். பின்னால் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். "பிரார்த்தனை எந்த அறையில்?" என்று கேட்டார் பாட்டி. அப்பா இங்கே இல்லையே, இந்தியாவில் அல்லவா என்றேன். "அவர் மகள் இங்கே இருக்கிறாள் அல்லவா?" என்றார்.

அவர்களே கூடத்து நாற்காலிகளை வெளியே எடுத்தார்கள். மெத்தையை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். நான் அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். அவர்கள் தங்கள் துதிப்பாடல்களை நான்கு குரல்களில் பிரித்துப் பாடினார்கள். சனிக்கிழமை வரை ஒவ்வொரு மாலையும் வந்தார்கள். சனிக்கிழமை விடிகாலையில், புதைக்க எதுவும் இல்லாத அந்த நாளிலும், என் கணவரோடு பத்து ஆண்கள் முற்றத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

யார் என்ன கொண்டுவந்தார்கள் என்பதை மொட்ஷெலோ தோழி ஒருவர் பள்ளி நோட்டு ஒன்றில் வரிசையாக எழுதி என்னிடம் கொடுத்தார். இருபது புலா, ஐம்பது புலா, தேயிலை இரண்டு பொட்டலம், சீனி ஐந்து கிலோ. நம் மொய் நோட்டேதான். செய்முறையைத் திருப்பிச் செய்யாமல் விட்டால் எங்கள் பக்கம் அது பெரிய பழி. ஆகவே அதன் பிறகு அங்கே இருந்த ஆண்டுகளெல்லாம் அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்தே துக்க வீடுகளுக்குப் போனேன். கொடுத்து முடித்த பெயர்களுக்கு எதிரே சிறியதாக ஒரு கோடு போட்டுவைத்தேன்.

பாட்டியின் பெயருக்கு எதிரே "விறகு, ஒரு கழுதை வண்டி" என்று இருந்தது. 2023 ஜூலைக் குளிரில் பாட்டி போய்ச் சேர்ந்தார். நானும் மகளும் பட்டிக்காரர் ஒருவரிடம் சொல்லி வைத்து, வெள்ளிக்கிழமை பிற்பகல் வண்டி நிறைய விறகு ஏற்றிக்கொண்டு போனோம். வேலிக்கு வெளியே நின்று "கோ கோ!" என்றோம்.